திரும்ப வாங்கும் கை

தமிழில் கடந்த சில வருஷங்களில் பெரும் புழக்கத்துக்கு வந்துவிட்ட சொற்களில் 'மறுசுழற்சி' ஒன்று. அரசு விளம்பரத்தில் இருக்கிறது, பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, பள்ளிப் பேச்சுப் போட்டியில் இருக்கிறது. இந்தச் சொல்லின் விசேஷம், இதில் ஆள் யாரும் கிடையாது என்பது. உழவு என்றால் உழுகிறவன் ஒருவன் மனதில் வந்து நிற்கிறான். நெசவு என்றால் தறியும் அதன் முன்னால் ஒரு முதுகும் தெரிகிறது. மறுசுழற்சி என்றால் மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்துவதுதான் தெரிகிறது. கிரகங்களைப் போலப் பொருட்கள் தாமாகப் போய்த் தாமாகத் திரும்பிவிடும் என்பது இந்தச் சொல்லின் மறைமுகமான வாக்குறுதி.

இலக்கிய விமர்சனத்தில் இந்த வகைச் சொற்களோடு நமக்குப் பரிச்சயம் உண்டு. மானுடம், சமுதாயப் பார்வை, மக்கள் இலக்கியம். சொல் பெருக்கப் பெருக்க அதன் பின்னால் இருக்கிற ஆள் சிறுத்துக்கொண்டே போவான். மறுசுழற்சிக்குப் பின்னால் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இருந்தார்கள். என் அக்கா, என் அத்தான். அவர்களை முன்வைத்து இதைப் பேசுவதுதான் எனக்குச் சாத்தியம்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில், கீரனூருக்கு இந்தப் பக்கம், ஒரு பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவர்களுடைய மளிகைக்கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அரிசி மூட்டை, எண்ணெய், பருப்பு, பீடி, வாழைத்தார், காலையில் பால், தயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். படிப்பது பாதி, பார்ப்பது பாதி.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தரம் மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. கேரி பேக், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் தட்டு எல்லாம் போயின. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு இருந்தது. விலக்குக் கொடுத்தாயிற்று, ஆனால் அந்த உறைகளும் குப்பைதானே? எனவே காலிப் பால் உறையைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் உறைக்குப் பத்துப் பைசா என்று அதே வருஷம் ஓர் அறிவிப்பு வந்தது. அத்தான் செய்தித்தாளைக் கடைசி வரி வரை படிக்கிறவர். அரிசிச் சாக்கு ஒன்றை வாய் மடித்துக் கடை வாசலில் வைத்தார். 'காலிப் பால் கவர், எண்ணெய்க் கவர் இங்கே போடவும்' என்று அட்டையில் எழுதி மாட்டினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கடைக்குப் பின்னாலிருக்கும் ஓடைக்காலில் மழை வந்தால் தண்ணீர் போகாமல் நிற்பதற்குக் காரணம் தான் விற்ற உறைகள்தான் என்று அவருக்கு ஓர் உறுத்தல் இருந்தது. சீர்திருத்தம் பேசுகிறவரல்ல. உறுத்தல், அவ்வளவுதான்.

பத்துப் பைசா விஷயம் வங்கிக்காரனான எனக்கு உடனே கண்ணில் பட்டது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாமல் போய்விட்டன. அதாவது, செத்துப்போய் எட்டு வருஷமான ஒரு நாணயத்தில் உறைக்கு விலை வைத்திருந்தார்கள். பத்து உறை கொண்டுவந்தால்தான் கையில் கொடுக்க ஒரு ரூபாய் என்று ஒன்று உண்டு. நாலு உறை கொண்டுவருகிறவருக்கு அத்தான் என்ன கொடுப்பார்? மிட்டாயாகவும் கொடுக்க முடியாது, மிட்டாய் ஒரு ரூபாய். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். இந்தக் கணக்கு எழுதப் பிடிக்கும் நேரத்தில் நாலு பேருக்குச் சர்க்கரை கட்டிக் கொடுக்கலாம்.

கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். அரை லிட்டர் பால் உறை இரண்டு, இரண்டரை கிராம் இருக்கும். ஒரு கிலோ சேர நானூறு உறை வேண்டும். கடையில் ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது பாக்கெட் பால் விற்கும். திரும்பி வந்தவை முப்பது. ஆக, ஒரு கிலோவுக்கு இரண்டு வாரம். அதற்கு அத்தான் கொடுத்தாக வேண்டிய தொகை நாற்பது ரூபாய். பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடுத்துக்கொள்ளும் விலை வாரம் ஒன்றாக மாறும். ஈரமாக இருந்தால், நாறினால், மிக்சர் உறை கலந்திருந்தால் எடுக்கவே மாட்டார். மிக்சர், பிஸ்கட் உறைகள் பல அடுக்குகள் ஒட்டியவை, பிரித்து உருக்க வழியில்லாதவை. பால் உறை ஒரே சாதி பிளாஸ்டிக், கழுவிக் காயவைத்தால் உருக்கலாம். இந்த வேறுபாடு எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஏதும் அவசியமும் இல்லை.

சாக்கில் வந்து விழுந்தவற்றை ஒரு பட்டியல் போடலாம். அடியில் பால் தேங்கிப் புளித்த உறைகள்தான் பெரும்பாலும். மீன் கழுவிய தண்ணீரோடு ஒரு பை. மாத்திரை அட்டைகள். உடைந்த குடத்தின் கழுத்து. முந்தின இரவின் பரோட்டாச் சால்னாப் பொட்டலம். ஒரு தடவை, முடிச்சுப் போட்டு வெகு நாசூக்காக வைக்கப்பட்ட, குழந்தையின் டயப்பர். கொண்டுவந்து வைத்தவர் நன்றாகப் படித்தவர், ஓய்வு பெற்றவர், கடையில் மாதக் கணக்கு உள்ளவர். அத்தான் அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், இதெல்லாம் எடுக்க மாட்டாங்க சார்." அவர் திகைத்துப் போனார். "நீங்கதானப்பா போர்டு போட்டிருக்கீங்க?" என்றார். அவர் கேட்டதில் கேலி கிடையாது. தன் பங்கைச் செய்தாகிவிட்டது, இனி அது கடைக்காரரின் விஷயம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இந்த நம்பிக்கையைத்தான் நான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக் குப்பையைத் தெருவில் வீசும்போது மனிதனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். சாக்கில் போட்டதும் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. சாக்கு அவனைப் புனிதப்படுத்திவிடுகிறது. பாவம் அவனிடமிருந்து கழன்று இன்னொருவர் கையில் போய் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிக்கொண்டது அக்காவின் கையில். கழுவியது அவள்தான். வேறு யார் கழுவுவார்கள்? மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம், பின்பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, உறைகளைக் கத்தரிக்கோலால் ஒரு பக்கம் வெட்டித் திறந்து, இரண்டு தண்ணீரில் அலசிக் கொடியில் போடுவாள். வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாத மாவட்டம் எங்களுடையது. வெள்ளாற்றில் மழைக்குத்தான் தண்ணீர். கண்மாயும் ஆழ்குழாயும் குடமுமாகக் காலம் தள்ளுகிற ஊர்களில், ஒரு கிலோ பிளாஸ்டிக்கைக் காப்பாற்ற எத்தனை குடம் தண்ணீர் என்று அவள் ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "நீ பேங்க்லதான இருக்க, கணக்குப் போட்டுச் சொல்லு தம்பி." இரண்டு வாரத்துக்கு எட்டுக் குடம் என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

பால் வண்டி விடிகாலை நாலு மணிக்கு வரும். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. நிறைந்த ட்ரேக்களை இறக்கிவிட்டு முதல் நாளின் காலி ட்ரேக்களை எண்ணி ஏற்றிக்கொண்டு போகும். ஒரு ட்ரே குறைந்தால் பில்லில் ஏறிவிடும். அதனால் ட்ரே ஒருநாளும் குறைந்ததில்லை. கட்டி வைத்த உறை மூட்டையை அத்தான் அந்த வண்டியில் ஏற்றச் சொன்னார். "அதுக்கெல்லாம் எங்களுக்கு ஆர்டர் இல்லண்ணே" என்றார் டிரைவர். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே வண்டி, ஒரே வாசல், ஒரே நேரம். ட்ரே திரும்பிப் போகிறது, உறை போகவில்லை. ஏனென்றால் ட்ரே கணக்கில் இருக்கிறது, உறை கணக்கில் இல்லை.

2016ஆம் வருஷத்துப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. பொருளை விற்றதோடு அல்லாமல் அதன் உறையைத் திரும்பச் சேகரிப்பதும் அந்தப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். நல்ல கோட்பாடு. அத்தான் கடையில் நான் பார்த்தவரையில் அந்தப் பொறுப்பு நீண்டு நீண்டு வந்து ஓர் அரிசிச் சாக்கில் முடிந்திருந்தது.

பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சிறுகடைகள் காலி பாட்டிலைத் திரும்ப வாங்குவது ஒன்றும் புதிதல்ல. கோலி சோடா பாட்டிலைக் கடையைவிட்டு நகர்த்த விடமாட்டார்கள். நின்ற இடத்தில் குடித்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஹிராம் காட் என்கிற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டில், சோடாக் கம்பெனிக்காரருக்குச் சொத்து. சோடா வந்து போகிற சரக்குத்தான். என் சிறுவயதில் கலர் பாட்டில்கள் இருபத்துநாலு அடங்கிய பெட்டியில் வரும். காலிப் பெட்டிக்கும் பாட்டிலுக்கும் முன்பணம் உண்டு. பழைய இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினோம். இவற்றில் எங்கேயும் யாருக்கும் விழிப்புணர்வு தேவைப்படவில்லை. திரும்ப வாங்குகிறவருக்கு அந்தப் பொருள் வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததால் அவர் கை தாழவில்லை.

இப்போது நடப்பது தலைகீழ். யாருக்கும் வேண்டாத ஒன்றைத் திரும்ப வாங்கச் சொல்கிறோம். எங்கள் ஊர்த் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை அரைக்காசு அம்மன் என்பார்கள். தொலைந்த பொருள் கிடைக்க அவளுக்கு வேண்டிக்கொள்வது வழக்கம். தொலைத்துவிட நினைக்கிற பொருளை வாங்கிக்கொள்ளத் தெய்வம் ஒன்று கிடையாது. அதற்குத்தான் மனிதர்களைத் தேடுகிறோம். இந்த நாட்டில் அந்தத் தேடல் எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நீலகிரியில் 2022 மே மாதம் தொடங்கிய ஏற்பாட்டை இதனோடு வைத்துப் பார்க்கலாம். காட்டில் வீசி எறியப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அதன் விளைவாக டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் கொண்டுவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பத்துப் பைசாவுக்கும் பத்து ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பத்து ரூபாய்க்கு ஒரு நாணயம் இருக்கிறது. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடித்துவிட்டு நிதானமில்லாமல் இருக்கிறவனும் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

ஆனால் கதையின் மறுபாதி கவுண்டருக்கு உள்ளே இருக்கிறது. இந்த ஏற்பாடு பிற மாவட்டங்களுக்கு விரிந்தபோது கடை ஊழியர்களின் சங்கங்கள் எதிர்த்தன. பாட்டிலுக்குப் பாட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது யார், காலி பாட்டில் வாங்குவது யார், நிற்க இடமில்லாத கடையில் எங்கே அடுக்குவது, உடைந்தது கையைக் கிழித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். தனி ஆளும் தனி இடமும் கேட்டார்கள். குடிக்கடை ஊழியர் என்பதால் அவர்களுடைய கேள்விக்கு நம் மத்தியதர மனசாட்சியில் இடம் கிடைப்பது கஷ்டம். யானையின் காலுக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது இந்தக் கைகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

அயல்நாட்டு உதாரணம் சொன்னால்தான் நமக்கு நம்பிக்கை வரும். ஜெர்மனியில் 2003 முதல் ஒருவழிப் பாட்டில்களுக்கும் டின்களுக்கும் இருபத்தைந்து சென்ட் முன்பணம் இருக்கிறது. பெரிய கடைகளில் இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. இருநூறு சதுர மீட்டருக்குக் குறைவான கடைகள் தாங்கள் விற்கிற பிராண்டுகளை மட்டும் வாங்கினால் போதும் என்று சட்டத்திலேயே விலக்கு. ஸ்காட்லாந்தில் 2023 ஆகஸ்டில் தொடங்குவதாக இருந்த திட்டம் தள்ளிப்போனதற்கான காரணங்களில் சிறுகடைக்காரர்களின் எதிர்ப்பும் ஒன்று. இடமில்லை, ஆளில்லை, நாற்றம் என்று அவர்கள் சொன்னவையும் அத்தான் சொன்னவையும் ஒன்றுதான். இடத்தையும் கூலியையும் பற்றி அங்கே சட்டத்தில் பேசியிருக்கிறார்கள். நாம் சுவரொட்டியில் பேசியிருக்கிறோம்.

என்னுடைய உத்தியோகமும் ஒரு வகையில் திரும்ப வாங்குவதுதான். கிழிந்த நோட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நோட்டு, மடித்து மடித்து நூலான நோட்டு. 2023 மே 19ஆம் தேதி இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகு அவற்றையும் வாங்கினோம். நூற்றில் தொண்ணூற்றெட்டுக்கு மேல் திரும்பிவிட்டன. அழுக்கு நோட்டை எண்ணி முடிக்கும்போது என் விரல் கறுத்திருக்கும். அதில் வியர்வையும் மீனும் சாராயமும் கலந்த ஒரு வாடை இருக்கும். அந்த நோட்டுகள் கடைசியில் ரிசர்வ் வங்கியின் இயந்திரத்தில் துண்டு துண்டாகிக் கட்டிகளாக அழுத்தப்படுகின்றன. சரியாகச் சொன்னால் நானும் ஒரு காகிதக் கழிவைத்தான் சேகரிக்கிறேன். ஆனால் எனக்கு மின்விசிறி இருக்கிறது. கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. எந்த நோட்டை வாங்க வேண்டும், எதை மறுக்கலாம் என்பதற்கு விதிகள் அச்சில் இருக்கின்றன. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டால் முடிந்தது. என் கையிலிருந்து காசு வாங்க யாரும் தயங்கியதில்லை.

அக்காவின் கையிலிருந்து தயங்கினார்கள். சாக்கு வைத்து ஒன்றரை வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் ஓய்ந்த பிறகு, அவள் என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "இப்பல்லாம் காசக் கையில குடுக்க மாட்டேங்கிறாங்கடா. பலகையில வச்சிட்டுப் போறாங்க" என்றாள். எல்லோரும் இல்லை, நாலைந்து பேர்தான். உறை கழுவுவதைப் பின்பக்கம் பார்த்தவர்கள். சாக்கில் புளித்த உறையைப் போட்ட அதே கைகள், பாக்கிச் சில்லறையை அவள் கையிலிருந்து வாங்காமல் பலகையைக் காட்டின. யாரும் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. காசைக் கையில் தராமல் தரையிலோ பலகையிலோ வைப்பது எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக யாருக்குச் செய்யப்பட்டது, யாரால் செய்யப்பட்டது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வழக்கத்துக்கு ஆள் முக்கியமில்லை, எச்சில்தான் முக்கியம் என்று அன்று தெரிந்தது. எச்சிலைத் தொடுகிறவர் அந்த நேரத்துக்கு அந்தச் சாதியாகிவிடுகிறார். பழைய ஏற்பாட்டுக்குப் புதிய ஆட்களைச் சேர்க்கிற காரியத்தை ஒரு சுற்றுச்சூழல் திட்டம் தனக்குத் தெரியாமலே செய்துகொண்டிருந்தது.

அத்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அட்டையைக் கழற்றினார். "ஓடைதான் அடைச்சுக்கும், என்ன செய்யிறது மாப்ளே" என்றார். அவருக்கு அந்த உறுத்தல் போகவில்லை என்று எனக்குத் தெரியும். போயிருந்தால் எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது ஒன்றும் தொலைவான விஷயமல்ல. கடையில் ஐந்து பிரதி போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் போய், விற்காத நாலைத் திரும்ப வாங்கி வருகிறவர்கள் நாம். கடைக்காரர் அந்த நாலையும் எந்த மூலையிலிருந்து எடுத்துத் தருகிறார், எந்த முகத்தோடு தருகிறார் என்பதை வைத்தே நம்மைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் நமக்குத் தெரிந்துவிடும். கொடுக்கும்போது இருக்கிற முகம் வேறு, திரும்ப எடுக்கும்போது இருக்கிற முகம் வேறு. விற்பனையைச் சுற்றி ஒரு நாகரிகம் வளர்ந்திருக்கிறது. வரவேற்பு, விலைப்பட்டியல், கொசுறு, பை, நன்றி. திரும்ப வாங்குவதைச் சுற்றி அப்படி ஒன்று வளரவில்லை.

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு இயக்கம் தொடங்கியது. மஞ்சள் பையை நான் மறுக்கவில்லை. என்னிடமும் இரண்டு இருக்கின்றன, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள். ஆனால் பால் பையில் வராது. உறையில்தான் வரும், நாளையும் வரும். அந்த உறை திரும்ப வேண்டுமானால் விழிப்புணர்வு ஊர்வலத்தைவிடச் சில சின்ன விஷயங்கள் தேவை. உறைக்கு, கையில் கொடுக்க முடிகிற நாணயத்தில் ஒரு முன்பணம். வாங்கி வைக்கிற கடைக்கு, உறைக்கு இவ்வளவு என்று ஒரு கூலி. எதை வாங்கலாம், எதை மறுக்கலாம் என்று அச்சடித்த ஒரு காகிதம், அதைக் காட்டி மறுக்கிற அதிகாரம். ட்ரேயை எண்ணி ஏற்றுகிற வண்டியிலேயே மூட்டையையும் எண்ணி ஏற்றும்படி டிரைவருக்கு ஓர் ஆர்டர். கழுவுகிற வேலை கழுவுகிற இயந்திரம் இருக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். இவை நடந்தால் அக்காவின் கையைப் பற்றி யாரும் யோசிக்கமாட்டார்கள். என் கையைப் பற்றி யாரும் யோசிக்காததைப் போல.

இவற்றில் செலவு பெரிதில்லை. ஆனால் அந்தச் செலவு பாக்கெட்டின் விலையில் ஏறும், விலை ஏறினால் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். இப்போது அது யாருக்கும் தெரியாமல் ஒரு பெண்ணின் மத்தியானத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. என் அக்கா நிறுத்திவிட்டாள். வேறு கடைகளில், வேறு பின்பக்கங்களில் இன்று யார் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.